பூஜ்யத்தில் நிற்காத கோடு

செப்டம்பர் 14, 2024, சனி. முனிர்க்கா, தில்லி

லடாக்கிலிருந்து, வெப்பநிலையைத் தானே பதிந்துவைக்கும் லாகர்கள் வந்து சேர்ந்தன. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய இந்த எஃகு வில்லைகளை, சென்ற ஆண்டு ஆகஸ்டில், லே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில், வெயில் நேரே படாதவாறு மண்ணுக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்திருந்தோம். நுண்ணிய அளவுகள் 4,096 மட்டுமே நினைவகத்தில் கொள்ளும்; 2 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டு முடியுமுன் நிரம்பிவிடும் என்பதால் 3 மணி நேரத்துக்கு ஒன்றாக வைத்திருந்தோம்.

இரவில் எண்களை இறக்கினேன். ஒரே உயரத்தில், தெற்கு நோக்கிய சரிவுக்கும் வடக்கு நோக்கிய சரிவுக்கும் ஆண்டுச் சராசரியில் 4 டிகிரி வேறுபாடு. காற்றில் அதே வேறுபாட்டைக் காணச் சுமார் 600 மீட்டர் ஏற வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நண்பகலில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போனேன். வெறுங்காலுடன் பிரகாரத்தைச் சுற்றியவர் எவருக்கும், வெயில் படும் கல்லுக்கும் நிழற்கல்லுக்கும் இடையே உள்ள தூரம் ஓர் எட்டுதான் என்பது தெரியும். சுவிட்சர்லாந்தின் கொர்வாட்ச் மலையில், 10 மீட்டர் சதுரத்துக்கு 10 லாகர் வீதம் 39 இடங்களில் ஆய்வாளர்கள் புதைத்தது வீண்செலவு அன்று.

வீடு திரும்பிய பின் 7ஆம் எண் லாகர்தான் மனத்தை அரித்தது. மே இறுதியில் மூன்று வாரம் அதன் கோடு அசையாமல் கிடக்கிறது. கிடக்கத்தான் வேண்டும்: ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் தேவை என்பதால், வந்து சேரும் வெப்பம் முழுவதையும் உருகும் பனியே விழுங்கிவிடும், அடியிலுள்ள ஈரமண் 0 டிகிரியிலேயே நிற்கும். இதுவோ 0.31இல் நிற்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

குழாய்நீரில் கரைந்துள்ள உப்பு உறைநிலையைக் கீழே இழுக்கும் என்பதால் காய்ச்சி வடித்த நீரையே உறையவைத்தேன். என் குளிர்பெட்டி போதாமல் மாடிவீட்டு மாமியிடம் இரண்டு தட்டு வைக்கக் கேட்டபோது, யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்தார். நொறுக்கிய ஐஸும் நீரும் நிறைந்த ஃபிளாஸ்கில், நீர்புகா உறையிலிட்ட 7ஆம் எண் இரண்டு மணி நேரம் காட்டியது: 0.31. ஆக, மலை மே மாதமே செய்து முடித்த சோதனையைத்தான் நான் சமையலறையில் திரும்பச் செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

பிழையைக் கழித்ததும் 7ஆம் எண்ணின் ஆண்டுச் சராசரி +0.1இலிருந்து -0.2 ஆகியது. குறி மாறினாலும் அதை நிரந்தர உறைநிலம் என்று எழுத முடியாது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது நிலம் 0 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருந்தாக வேண்டும், அதுவும் ஆழத்தில். லாகரை மீண்டும் 3 மணி நேர இடைவெளிக்கு மாற்றி, திருத்த எண்ணை அதன் உறைமேல் எழுதி, அடுத்த வாரம் லே செல்லும் தோழரிடம் கொடுத்துவிட்டேன்.