வில்லோ, அலாஸ்கா, மார்ச் 2014

மார்ச் 2, ஞாயிறு
மதியம் அக்கா இடிட்டரோட் பந்தயத்தில் கிளம்பிவிட்டாள். நாய்கள் இழுக்கும் ஸ்லெட் வண்டியில் நோம் வரை. 16 நாய்கள். கயிற்றை அவிழ்க்கும்வரை துள்ளிக் குரைத்து ஊரைக் கூட்டின. ஸ்லெட் நகர்ந்ததும் கப்சிப். ஜூனோவை வீட்டிலேயே கட்டிப்போட்டுவிட்டு வந்தோம். ஒன்பது வயதாம், போதுமாம். லாரி கிளம்பும்போது தன் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று பார்த்தது.

மார்ச் 3
வரைபடத்தில் அக்கா இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி ஃபிங்கர் ஏரியைத் தாண்டிவிட்டது. என்னைத் தூங்கச் சொல்கிறார் மாமா. அவர் தூங்கவில்லை.

மார்ச் 4
டால்செல் பள்ளத்தாக்கில் பனியே இல்லையாம். பாறை, வேர், கண்ணாடி மாதிரி ஐஸ். பிரேக்கின் முள் குத்தி நிற்கப் பனி வேண்டாமா? அத்தனை நாய்களின் இழுப்பை இவள் ஒருத்தி எதை வைத்து அடக்குவாள்? அடிபட்டு விலகுகிறவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ரோன் நிலையம் சேர்ந்துவிட்டாள் என்று தெரிய நடுராத்திரி ஆகிவிட்டது.

மார்ச் 5
ஜூனோ சாப்பிடவில்லை.

மார்ச் 7
டகோட்னாவில் கட்டாய ஓய்வு, 24 மணி நேரம். இன்றாவது புள்ளி நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

எழுந்ததும் நாய்களின் காலுறைக் கணக்குதான். எல்லாவற்றுக்கும் ஒரு தடவை மாட்ட 64. கட்டாந்தரையில் ஓடினால் சீக்கிரமே கிழிந்துவிடும். வழி நிலையங்களுக்கான பைகளெல்லாம் போன மாதமே அனுப்பியாகிவிட்டது. இனி எதையும் சேர்க்க முடியாது. இருப்பது போதும் என்கிறார் மாமா. எண்ணிப் பார்த்தாரா என்றால் பதில் இல்லை.

மார்ச் 9
அக்காவின் அணியிலிருந்து பெப்பர் வந்துவிட்டது. மெக்ராத்தில் இறக்கிவிட்டிருக்கிறாள். அங்கிருந்து ஆங்கரேஜுக்கு விமானம், அப்புறம் ஈகிள் ரிவர் பெண்கள் சிறை. திரும்பி வரும் நாய்களை நாம் போகும்வரை அங்கே இருக்கிற கைதிகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டதாம். வலது முன்காலில் மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது. தைலம் தேய்க்கும்போது காலை இழுத்துக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்தது. வீட்டில் இறக்கியதும் ஜூனோ ஓடி வந்து அதன் தோளையும் மார்பையும் மோந்து பார்த்தது. வார் தேய்ந்த இடம்.

மார்ச் 11
ஜெயித்தது டாலஸ் சீவி. விடியற்காலை நான்கு மணிக்கு நோம் வந்து சேர்ந்தபோதும் தான் மூன்றாவது என்றுதான் நினைத்திருந்தாராம். பின்னால் தெரிந்த வெளிச்சம் அப்பா மிட்சினுடையது என்று ஓட்டமாய் ஓடி வந்திருக்கிறார். வந்தது அலி ஸிர்க்கிள், இரண்டே நிமிடம் பிந்தி. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக அவருக்கு இரண்டாம் இடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலில் போய்க்கொண்டிருந்தது ஜெஃப் கிங். நான்கு தடவை ஜெயித்தவர். நோமுக்கு முந்தைய கடைசி நிலையமான சேஃப்டிக்குப் பக்கத்தில் காற்று அவரையும் நாய்களையும் தடத்தை விட்டே தள்ளிவிட்டது. நோம் கைக்கெட்டும் தூரம்; ஆனாலும் விலக வேண்டியதாயிற்று. அவருக்கே அந்த கதி.

அக்கா அங்கே போக இன்னும் நாலைந்து நாள் ஆகும். போன தடவை கடல் ஐஸில் மற்ற நாய்களெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோது ஜூனோ ஒன்றுதான் தலையைத் தாழ்த்தி நேரே நடந்தது. இந்தத் தடவை முன்னால் பிப். மூன்று வயது. கெட்டிக்காரன்தான், வேகமும் உண்டு. காற்றைப் பார்த்திருக்கிறானா? அவளிடம் அப்போதே கேட்டேன். "ஜூனோவுக்கு முதுகு வலிக்குதுடா" என்றாள். சரி, வலிக்கிறது. இருந்தாலும்.

மார்ச் 12
ஜூனோ சால்மன் தோலை மட்டும் தின்றது.

மார்ச் 14
ஷாக்டூலிக்கிலிருந்து கோயுக் வரை கடல்மேல்தான் பாதை. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. புள்ளி நின்றுவிட்டது.

மாலை: அங்கேயேதான்.

இரவு: நகர்ந்தது. மாமா வெளியே போய் விறகு பிளக்கிறார், இந்நேரத்தில்.

மார்ச் 15
ஒயிட் மவுண்டன். எட்டு மணி நேரம் நின்றாக வேண்டும். பத்து நாய்கள் இருக்கின்றன; முன்னால் இன்னும் பிப்தான். மாமா நோமுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். பெப்பருக்குக் கட்டு மாற்ற வேண்டும். சேஃப்டி பக்கம் காற்று எப்படி என்று ஆறு மணிக்குத்தான் சொல்வார்களாம்.