செவலையின் குழைசோறு

நாய்க்குப் பல் அறுவைச் சிகிச்சை செய்தோம் என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் சிலர் நம்புவதில்லை. "நாய்க்குமா பல் வலிக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வலிக்கும். ஆனால் அது காட்டிக்கொள்ளாது. எங்கள் செவலைக்கு வலது கண்ணின் கீழே வீங்கி, வீக்கம் உடைந்து, சீழ் வடிந்துகொண்டிருந்த நாட்களிலும் தட்டு காலியாகிக்கொண்டுதான் இருந்தது. குளவி கொட்டியிருக்கும் என்றார்கள். பூனை பிறாண்டியிருக்கும் என்றார்கள். மருந்து கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் அதே இடத்தில் மறுபடியும் முட்டிக்கொண்டு நிற்கும்.

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் கண்ணருகில் இருந்த புண்ணைப் பார்த்ததும் நேராக மேலுதட்டைத் தூக்கினார். மேல் தாடையில் இருப்பதிலேயே பெரிய பல், வெளிப்பக்கம் சீவி எடுத்தாற்போல் பிளந்திருந்தது. நாய்க்கு மொத்தம் 42 பற்கள். கறியை அறுப்பதும் எலும்பை நொறுக்குவதும் பெரும்பாலும் இந்தப் பல்லின் வேலை. இதற்கு மூன்று வேர்கள். வேர்நுனி இருப்பது கண்ணுக்குக் கீழேயுள்ள எலும்பில். பிளவு வழியே கிருமி இறங்கி அங்கே சீழ் கட்டினால் முகத்தில்தான் வந்து உடையும். "எலும்பு போடுவீர்களா?" என்று கேட்டார். "மேலப்பாளையத்து ஆட்டெலும்பு, சார்" என்று அப்பா பெருமையாகவே சொன்னார். அவர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

இரத்தப் பரிசோதனை, முந்தின இரவிலிருந்து பட்டினி, மயக்க மருந்து. பல்லை அப்படியே பிடுங்க முடியாதாம். வேருக்கு ஒரு துண்டாக அறுத்துத் தனித்தனியே எடுத்து, ஈறை இழுத்து மூடி, தானாகக் கரையும் நூலால் தைத்திருந்தார்கள். அதுவரை எங்கள் கையில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் செவலையை வண்டியில் ஏற்றிய பிறகுதான் எங்கள் பாடு தொடங்கியது.

அன்றிரவு வாயோரம் வழிந்த எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்திருந்தது. முதல் நாள் அப்படி இருக்கும், சொட்டுச் சொட்டாக வடிந்தால்தான் கூப்பிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. மயக்கம் நன்றாகத் தெளிந்து, தள்ளாடாமல் நின்ற பிறகு கொஞ்சம் தண்ணீர். அது தங்கியதும், வழக்கமாகத் தின்பதில் கால்வாசி. வயிறு நிறையக் கொடுத்தால் மயக்க மருந்தின் மிச்சத்தில் வாந்தி எடுத்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, வலிக்குப் பாவம் அரை பாரசிட்டமால் கொடுங்களேன் என்றார். நாம் விழுங்குகிற காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் நாய்க்கு நஞ்சாகலாம். நாய்க்கென்று எழுதிக் கொடுத்த வலி மருந்தை, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன அளவில் மட்டும் கொடுத்தோம்.

இரண்டு வாரத்துக்கு மென்மையான உணவு என்று சீட்டில் ஒரே வரியில் எழுதியிருந்தது. சமையலறையில் அந்த ஒரு வரி பல கேள்விகளாக விரிந்தது. கஞ்சி மெதுவானதுதான், ஆனால் தண்ணீராக ஓடுவது வயிற்றில் நிற்காது. ஒரு மணி நேரத்தில் செவலை பசியோடு அடுக்களை வாசலில் வந்து நிற்கும். கேப்பைக் களி மெதுவானதுதான், ஆனால் ஈறில் அப்பிக்கொள்ளும். தையல் போட்ட இடத்தில் அப்பியதை யார் விரல் விட்டு எடுப்பது? கடைசியில் எங்களுக்குக் கைவந்தது குழைசோறு. பச்சரிசியை மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிடுவது. கோழி நெஞ்சுக்கறியைத் தனியே உப்பில்லாமல் வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, அம்மியில் ஒரு இழுப்பு இழுத்துச் சோற்றில் சேர்ப்பது. மஞ்சள் பூசணி ஒரு துண்டு. கறி வெந்த தண்ணீரையே விட்டு மத்தால் கடைவது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மெல்லச் சரிந்து விழ வேண்டும், அதுதான் பதம். விரலை விட்டுப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. சூடாகக் கொடுத்தால் புண் எரியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் செவலை மோந்துவிட்டுப் போய்விடும். சில வேளை முட்டையை வேகவைத்து மசித்துச் சேர்த்தோம். அவசரமான காலையில் கடையில் வாங்கிய உருண்டைத் தீவனத்தை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிசைந்ததும் உண்டு. நடுவில் ஒரு பருப்புகூடக் கெட்டியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் குழம்பை மட்டும் கிட்டே கொண்டுவரவில்லை. சோறு சப்பென்று இருக்கிறதே, கொஞ்சம் சொதி விடு என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது. வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சொதி ஏது? இரண்டுமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அறுவை நடந்த உடம்புக்கு அது வேறா?

ஆச்சிக்கு இந்தக் கூத்து எதுவும் பிடிக்கவில்லை. மூன்றாம் நாளே செவலை வாலை ஆட்டிக்கொண்டு, ஆச்சி கையிலிருந்த முறுக்கைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. "ஏட்டி, அதுதான் நன்றாகத் தின்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பிள்ளைச்சோறு?" என்றார். சீழ் பிடித்த பல்லோடு எலும்பு கடித்த நாய் அது. அதன் பசியை வைத்துப் புண் ஆறியதா என்று எப்படிக் கணக்குப் போடுவது? ஒரு முறுக்குத் துண்டு போதும், தையல் விட்டுப்போக. விட்டுப்போனால் குழிக்குள் சோறு புகும், சீழ் வைக்கும், மறுபடி மயக்க மருந்து. இதை ஆச்சியிடம் சொல்லிப் பயனில்லை. "திரும்ப ஆஸ்பத்திரிச் செலவு" என்று சொன்னேன். முறுக்கு டப்பா பரணுக்குப் போனது.

போதாததற்கு அது ஆனி மாதம். நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்காக மதினி பிள்ளைகளோடு தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். கையில் மக்ரூன் பொட்டலம். விருந்தாளி வீட்டில் நாய்க்கு எத்தனை கைகள் நீளும் என்று வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். மக்ரூன் மொறுமொறுப்பு என்று தடுத்தாகிவிட்டது. சின்னவன் விடவில்லை. "அத்தை, மெதுவாக இருப்பதைக் கொடுக்கலாம் என்றீர்களே, அப்படியானால் அல்வா?" என்று கையில் வைத்துக்கொண்டு நின்றான். கேள்வி நியாயம்தான், திருநெல்வேலியில் மென்மையான உணவென்றால் வேறு என்ன நினைவுக்கு வரும்? நெய் அவ்வளவும் ஒரே தடவையில் உள்ளே போனால் நாயின் கணையம் வீங்கிப் பெரிய வியாதியாகும் என்று சொன்னேன். கணையம் எங்கே இருக்கிறது என்று கேட்டான். பதில் சொல்லி முடிப்பதற்குள் அல்வாவை அவனே தின்றுவிட்டான், நல்லதாகப் போயிற்று.

காலால் வாயைப் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருந்தார்கள். அதன் விளிம்பு தரையில் இடித்து, வாய் தட்டுக்கு எட்டவில்லை. இரண்டு செங்கல்லை அடுக்கி, அதன் மேல் கூம்புக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னக் கிண்ணம் வைத்ததும் சரியாகிவிட்டது. தின்று முடித்ததும் கூம்பின் உள்பக்கம் முழுக்கச் சோறாக இருக்கும்; ஈரத்துணியால் துடைக்காவிட்டால் எறும்பு வந்துவிடும். வாயைத் திறந்து மாத்திரை போடுவது நடக்கிற காரியம் இல்லை, புண்ணில் விரல் பட்டால் கடிக்கவும் செய்யும். இட்லியின் நடுப்பகுதியைக் கிள்ளி உருட்டி, முதல் உருண்டை வெறும் இட்லி, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது உருண்டையை அதன் கண்ணில் படும்படி கையில் வைத்துக்கொள்வது. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையாலோ சாப்பாடு மாறியதாலோ நடுவில் கொஞ்சம் இளகலாகப் போனது. பூசணியைக் கூட்டியதும் கட்டியது.

மறுபரிசோதனையில் ஈறு மூடி இளஞ்சிவப்பாக இருந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த துளையும் அடைந்திருந்தது. பிறகு சோற்றை மெல்ல மெல்லக் கெட்டியாக்கினோம். ஒரு பல் போனதால் அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. இடது பக்கமாக ஒதுக்கித் தின்கிறது. எலும்புக்குத்தான் நிரந்தரத் தடை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். கறிக்கடை அண்ணாச்சி இப்போது எலும்புக்குப் பதிலாக ஈரல் துண்டு ஒன்றைத் தனியே மடித்துத் தருகிறார். ஆச்சி மட்டும் எதைக் கொடுப்பதற்கு முன்னும் நகத்தால் குத்திப் பார்க்கிறார், இட்லியைக்கூட.