சித்தி சுட்ட தோசை

இன்று காலை குடியாத்தத்தில் சித்தி எனக்குத் தோசை சுட்டுப் போட்டார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி. உட்கார்ந்தால் எட்டுகிற மாதிரி அடுப்பு மேடையைச் சித்தப்பா இறக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

போன வருஷம் மாடிப்படியில் விழுந்ததில் முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. மாவு ஊற்றிவிட்டு, நடுநடுவே இரண்டு கையையும் ஊன்றி உடம்பை ஒரு எம்பு எம்பி இறக்குகிறார். என்னவென்று கேட்டேன். ஒரே இடத்தில் அழுந்தினால் புண் வந்துவிடுமாம், வலி தெரியாததால் வந்ததும் தெரியாதாம்.

வேலூர் பாகாயத்து மறுவாழ்வு மையத்தில் கற்றுக்கொண்டது. 1966-ல் அது உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸும் 1954-ல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்தவர்தான். அப்புறமும் சக்கர நாற்காலியில் இருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். இதைச் சித்தி சொல்லும்போது குரலில் அவ்வளவு பெருமை, சொந்த அக்காவைப் பற்றிச் சொல்வது போல.

தயவுசெய்து யாரும் அவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லாதீர்கள். எனக்கே கோபம் வருகிறது.

அடுத்த மாசம் கையால் சுற்றும் தையல் மிஷின் வருகிறது. முதல் ஜாக்கெட் எனக்குத்தானாம். அளவு கூட எடுத்துவிட்டார்.