ஆளுக்கேற்ற எம்டிபி: பாகம் வாங்கும் முன் அலன் கீயை எடுங்கள்

எடுத்துக்கொண்டது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 29 அங்குலச் சக்கர ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள மலைச் சைக்கிள் (எம்டிபி). அலுமினியச் சட்டம், 100 மி.மீ. வரை அமுங்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), முன்னால் மூன்று பின்னால் ஏழு கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஓட்டுபவர் 160 செ.மீ. உயரம், 58 கிலோ. வார நாட்களில் மேட்டுப்பாளையத்துத் தார்ச்சாலை, விடுமுறையில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட மண்பாதை. புகார் மூன்று: முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது, ஏற்றத்தில் கியர் போதவில்லை. இப்படிக் கேட்டதும் ஃபோர்க்கையும் கியரையும் மாற்றத்தான் கை பரபரக்கும். நாங்கள் அவற்றைக் கடைசிக்குத் தள்ளினோம். உடம்பு வண்டியில் சரியாக உட்காராதவரை எந்தப் பாகம் போதவில்லை என்று சொல்லவே முடியாது.

முதலில் சீட் உயரம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் இறுக்கி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தோம்: 74 செ.மீ. இதை 0.883 ஆல் பெருக்கினால் 65.3. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் இதுதான். வண்டியில் இருந்தது 60. முழங்கால் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சீட் தாழ்ந்திருந்தால் முட்டி அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கம் வலிக்கும். ஒரே மூச்சில் ஏற்றாமல் ஒவ்வொரு செ.மீ. ஆக ஏற்றி, 64.5இல் நிறுத்தினோம். சூத்திரம் சாலை சைக்கிளுக்கு உருவானது. மண்பாதையில் சற்றுத் தாழ்வாக இருப்பதே நல்லது. பின்னாலிருந்து பார்க்கும்போது இடுப்பு இடவலமாக ஆடினாலோ, முட்டிக்குப் பின்னால் வலித்தாலோ சீட் அதிகம் ஏறிவிட்டது என்று பொருள். சீட் போஸ்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் நீளமான போஸ்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் சட்டம் விரிசல் விடும்.

உள்ளங்கை மரத்ததற்குக் காரணம் ஒன்றல்ல. செல்போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைச் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தால், மூக்கு 4 டிகிரி கீழே சாய்ந்திருந்தது. உடல் முன்னால் வழுக்க, அதைத் தாங்குவது கைகள்தான். சீட்டை மட்டமாக்கியதுமே பாதிப் பாரம் குறைந்தது. மீதி, ஹேண்டில்பார் எட்டத்தில் இருந்ததால். இதைச் சீட்டை முன்னால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. அப்படிச் செய்தால் முட்டி பெடலைத் தாண்டிப் போகும். பெடல்களைக் கிடைமட்டமாக நிறுத்தி, முன்காலின் முட்டிச் சில்லிலிருந்து நூல்குண்டு விட்டால் பெடல் அச்சின் மேலோ, ஒரு செ.மீ. பின்னாலோ விழ வேண்டும். சீட்டின் இடத்தை அது தீர்மானிக்கட்டும். கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தை, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் தீர்மானிக்கும்.

90 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 60 மி.மீ. போட்டோம். வாங்கும் முன் ஹேண்டில்பாரின் நடு விட்டத்தை அளந்துவிடுங்கள்: 31.8 மி.மீ. ஒரு வகை, விலை குறைந்த வண்டிகளில் 25.4. ஒன்று மற்றதில் பொருந்தாது. மாட்டும் வரிசையும் முக்கியம். ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்போதே மேல்மூடி போல்ட்டை மெதுவாகத் திருகி ஆட்டத்தை எடுக்க வேண்டும். அப்புறம் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்பின் அசைத்தால் டக் என்று தட்டக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில்பார் தானாகப் பக்கம் திரும்ப வேண்டும்.

720 மி.மீ. ஹேண்டில்பார் இந்தத் தோளுக்கு அகலம்தான். ஆனால் ரம்பத்தை உடனே எடுக்கவில்லை. கிரிப்பையும் லீவரையும் பக்கத்துக்கு 15 மி.மீ. உள்ளே தள்ளி, சில நாள் ஓட்டவிட்டு, பிறகே வெட்டினோம். வெட்டியதை ஒட்ட முடியாது. பிரேக் லீவரைக் கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வருமாறு கீழே சாய்த்து, சின்ன விரல்களுக்காக லீவரின் குட்டித் திருகாணியை உள்ளே திருப்பினோம். பைசா செலவில்லாத இந்த வேலையைப் பெரும்பாலான கடைகள் செய்து தருவதில்லை என்பது வருத்தம்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச காற்று. ஓட்ட வேண்டிய அளவு அல்ல. ட்யூபோடு 2.25 அங்குல டயர், 58 கிலோ ஆள்: முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ. இதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். சமவெளியில் சீமைக்கருவேல முள் தொல்லை இருப்பவர்களுக்கு ட்யூப்லெஸ் கைகொடுக்கும்: சக்கரத்துக்கு 100 மி.லி. அளவில் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உலர்ந்ததா என்று திறந்து பார்க்க வேண்டும்.

கியர் விஷயத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. இப்போது முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் வைப்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வண்டியின் முன் சிறுசக்கரம் 24 பல், பின்னால் பெரியது 28, விகிதம் 0.86 (இது குறையக் குறைய மிதிப்பது இலகு). ஒற்றைச் சக்கரத்துக்கு மாறி 32க்கு 42 வைத்தால் 0.76. ஆனால் இருக்கும் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) ஃப்ரீவீல், அதாவது மரையில் திருகி ஏற்றும் பல்சக்கரத் தொகுதி. கேசட் என்ற வேறு வகைத் தொகுதி அதில் ஏறாது. ஆகவே பின்சக்கரம், டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பாகம்), ஷிஃப்டர் (கியர் மாற்றும் விசை), செயின், கிராங்க் என்று எல்லாம் மாற்ற வேண்டும். அதற்குப் பதில் ஷிமானோவின் 14-34 ஏழு கியர் ஃப்ரீவீல் போட்டோம்: 24க்கு 34, அதாவது 0.71. குறைந்த செலவில் இன்னும் இலகுவான கியர். பின் டிரெய்லியர் 34 பல் வரை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செயினைப் புதிதாக, நீளமாகப் போட வேண்டும். பழைய நீளத்தில் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தைப் போட்டால் டிரெய்லியரைப் பிய்த்துவிடும். மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் இறுகிக்கொண்டே போவதால் கழற்ற அதற்குரிய கருவியும் நீளப் பிடியும் தேவை. புதியதை ஏற்றும் முன் மரையில் கிரீஸ் தடவுங்கள்.

ஃபோர்க்கின் குழாயில் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைக் கட்டி, பெடலில் நின்று பார்த்தால் 20 முதல் 25 மி.மீ. அமுங்க வேண்டும். பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) முழுக்கத் தளர்த்தியும் 10தான் அமுங்கியது. இந்த எடைக்கு அந்த ஸ்பிரிங் கடினம். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் ஃபோர்க்தான் வழி. ஸ்டீரர் (ஃபோர்க்கின் மேல்குழாய்) நேரானதா கூம்பா, அச்சு 9 மி.மீ.யா 15ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஃபோர்க் அமுங்கும் தூரத்தை 120 மி.மீ.க்கு மேல் கூட்டாதீர்கள், முன்பக்கம் உயர்ந்து ஏற்றத்தில் சக்கரம் அலையும்.

ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறும்போது பலரும் மாட்டிக்கொள்வது ஒன்று உண்டு: இந்த ரக வண்டிகளில் பிரேக் லீவரும் ஷிஃப்டரும் ஒரே பாகமாக வருவது சகஜம். பிரேக் மாற்றினால் ஷிஃப்டரும் தனியாக வாங்க வேண்டும். புது பேட்களை 20 கி.மீ. வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு, சக்கரம் முழுக்க நிற்காமல், பதினைந்து இருபது முறை பிடித்துப் பழக்குங்கள். செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள். எண்ணெய் ஊறிய பேட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.