குதிரை அளந்த தூரம்

வின்னிபெக்கிலிருந்து வடமேற்கே நான்கு மணி நேரம்போல் கார் ஓட்டினால் இங்லிஸ் வருகிறது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில், மேற்கு ஓரத்துச் சிற்றூர். அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ரயில் பாதையை ஒட்டி ஒரே வரிசையாக நிற்கும் ஐந்து மர எலிவேட்டர்கள்.

எலிவேட்டர் என்றதும் எனக்கு லிஃப்ட்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் தப்பில்லை, இங்கே மேலே ஏறியது கோதுமை. ரயிலில் ஏற்றும்வரை அதைச் சேர்த்துவைக்கும் உயரமான கிடங்குதான் எலிவேட்டர்.

சாய்தளத்தில் ஏறி உள்ளே போனதும் பழைய மரமும் தூசியும் கலந்த வாசம். விவசாயியின் வண்டி இங்கே எடைமேடையில் நிற்கும். பாரத்தோடு ஓர் எடை. கோதுமையைத் தரைக்குழியில் கொட்டிய பிறகு வெறும் வண்டியாக இன்னோர் எடை. குழியிலிருந்து, ஓயாமல் சுற்றும் பட்டையில் கோத்த கிண்ணங்கள் கோதுமையை அள்ளிக்கொண்டு உச்சிக்குப் போகும். இந்தப் பட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கால்’. உச்சியிலிருக்கும் குழாயைத் திருப்பினால், தரத்துக்கு ஏற்ப வேண்டிய அறைக்குள் தானியம் சரியும்.

நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது சுவரைத்தான். பலகைகளைப் படுக்கைவசமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஆணியடித்தே எழுப்பியிருக்கிறார்கள். கோதுமை தண்ணீரைப்போல் பக்கவாட்டிலும் நெருக்கும். மெல்லிய சுவர் பிளந்துவிடும். தூசி தீப்பிடிக்கும் என்பதால் எஞ்சினும் அலுவலகமும் தனிக்கட்டடத்தில் இருந்தன.

கனேடியன் பசிபிக் ரயில் 1922இல் இங்கே வந்தது. அந்த ஆண்டே எலிவேட்டர்களும் எழத் தொடங்கின. ஐந்தில் கடைசியானது 1941இல் கட்டியது. பாதை நெடுகிலும் எட்டு, பத்து மைலுக்கு ஓர் ஊர் முளைத்ததற்குக் காரணம் குதிரை. பாரவண்டி பூட்டிக் காலையில் கிளம்பும் விவசாயி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே. 1930களில் சமவெளி மாகாணங்களில் 5,000க்கும் அதிகமான எலிவேட்டர்கள் நின்றன.

அத்தனையும் விவசாயிக்குப் பிரியமானவை என்று நினைத்துவிட வேண்டாம். தராசு எலிவேட்டர் நிறுவனத்து ஏஜெண்டுடையது, தரம் சொல்வதும், தூசி தும்புக்குக் கழிப்பதும் அவரே. நேராக ரயில் பெட்டியில் ஏற்றலாம் என்றால், பெட்டிகள் எலிவேட்டர்காரர்களுக்கே முதலில் போயின. இதை எதிர்த்து 1902இல், இன்றைய சஸ்காச்சுவான் மாகாணத்தின் சிண்டலூட்டா விவசாயிகள் ரயில்வே ஏஜெண்ட்மீது வழக்குத் தொடுத்து வென்றார்கள். 1906இல் விவசாயிகள் சொந்தமாகவே ஒரு தானிய நிறுவனம் தொடங்கினார்கள். அதன் வழிவந்த ‘யுனைடெட் கிரெய்ன் குரோவர்ஸ்’ இந்த வரிசையிலும் இடம்பிடித்தது. என் ஓட்டு அதற்குத்தான்.

பிறகு லாரி வந்தது, கான்கிரீட் எலிவேட்டர் வந்தது. தானிய ரயில் கட்டணத்துக்கு அரசு கொடுத்துவந்த மானியமும் 1995இல் நின்றது. கிளைப்பாதைகள் மூடப்பட, மர எலிவேட்டர்கள் நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. சஸ்காச்சுவானின் ஃபிளெமிங்கில் 1895இலிருந்து நின்ற ஒன்றை 2010இல் தீ தின்றது. இங்லிஸ் வரிசை தேசிய வரலாற்றுச் சின்னமானதால் பிழைத்தது.

திரும்பும்போது தெற்கே இருக்கும் ரஸ்ஸலைக் கால் மணி நேரத்தில் தொட்டுவிட்டோம். பாரவண்டிக்கு அது அரை நாள்.