மேசை கழுவிய நாள்

போன மாதம் நம்முடைய தமிழ் மாஸ்டர் காலமானார். செய்தி வந்தபோது நான் லண்டனில் பஸ்ஸில் இருந்தேன். தொண்ணூறு தாண்டிய மனிதர், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு தரிப்பு தள்ளிப் போய்விட்டேன்.

நாம் படித்த யாழ்ப்பாணம் பரமேஸ்வராக் கல்லூரியைப் பற்றி எழுதச் சொல்லி நினைவு மலர்க்குழு கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பூசை, மணியடித்ததும் சந்திவரை சைக்கிளோட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரியாததா? எனக்கு எழுத இருப்பது 1974 தான்.

சேர் பொன். இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கு மருதனார்மடத்தில் 1913இல் ஒரு கல்லூரி தொடங்கினார். 1921இல் ஆண்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நம்முடையதை நிறுவினார். நம் சமயத்தோடு நல்ல படிப்பும் கிடைக்கவேண்டும் என்று சொந்தப் பணத்தைக் கொட்டினார். அரை நூற்றாண்டு நடந்த பள்ளிக்கூடம் அது.

யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் வருகிறது என்றதும் அப்பாவுக்குப் பெரிய சந்தோசம். "தம்பி, இனிப் பேராதனைக்குப் போகத் தேவையில்லை" என்றார். அது எங்கள் வகுப்பறைகளுக்குள்தான் வரப்போகிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கடைசிக் கிழமை மாஸ்டர் பாடம் எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளினார். தும்பும் சாம்பலும் போட்டு மேசை, வாங்கு எல்லாவற்றையும் எங்களோடு சேர்ந்து தேய்த்தார். "வாற பிள்ளைகள் துப்புரவாய் இருந்து படிக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். மைக்கறை கரைந்து சாம்பல் தண்ணீர் நீலமாய் ஓடியது. என் மேசையில் கவராயத்தால் கீறிய என் பெயர் மட்டும் போகவில்லை. பிளேட்டால் சுரண்டப் போனேன். கையைப் பிடித்தார்.

"விடும் தம்பி, இருந்திட்டுப் போகட்டும்."

அப்புறம் ஆளுக்கொரு பள்ளிக்கூடமாகச் சிதறினோம். அக்டோபரில் வளாகம் திறந்தது. பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். 1979இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆயிற்று. எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு அது வாழ்வு கொடுத்திருக்கிறது! அந்த இடம் அதற்குப் போனதில் எனக்கு மனக்குறை இல்லை. நம் பள்ளிக்கூடம் இல்லாமல் போனதே என்ற துக்கம் மட்டும் ஆறவில்லை.

1980இல் நானும் அங்கே இடம் கிடைத்துப் போனேன். மாஸ்டர் வீடு தேடி வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். 1983 கலவரத்துக்குப் பிறகு படிப்பை இடையில் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து லண்டன் விலாசத்துக்குக் கடிதம் வந்தது. குண்டு குண்டான எழுத்து. "படிப்பை எப்ப முடிக்கப் போறீர்?" பதில் எழுத இருந்து இருந்து, எழுதாமலே விட்டேன்.

2012இல் ஊருக்குப் போனபோது வளாகத்துக்குள் இருக்கும் நம் பரமேஸ்வரன் கோயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தூணில் சாய்ந்து வெகுநேரம் இருந்தார்.

"உம்மடை மேசையை எங்கை கொண்டுபோய்ப் போட்டாங்களோ" என்றார்.

படிப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.