கோல்ட் கம்பனியும் மாமாவின் வள்ளப் பட்டறையும்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தால் இறங்கி வாவிக்கரையோரமாகப் போனால் மாமாவின் வள்ளப் பட்டறை இருந்த வளவு இப்போதும் இருக்கிறது. தகரக் கொட்டிலைக் கழற்றி விற்றுவிட்டார்கள். 18 அடி வள்ளம் வார்க்கிற அச்சு ஒன்று மட்டும் பூவரச மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது. மழை பெய்தால் கோழிகள் அதற்குள் ஒதுங்குகின்றன. போன கிழமை அந்தப் பக்கம் போய்வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் கணக்கு வேலை பார்க்கிறவள். பெரிய கம்பனிகள் எப்படிக் கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தாகின என்று தேடித் தேடி வாசிப்பது, மாமாவின் பட்டறை மூடிய காலத்தில் தொடங்கிய பழக்கம். அப்படி வாசித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது கோல்ட் என்ற அமெரிக்கத் துவக்குக் கம்பனியின் கதை. துவக்கு, அதாவது துப்பாக்கி, என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் சும்மா சொல்வதில்லை. செக்பொயின்ட் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளை நான். துவக்குச் செய்கிற கம்பனி விழுந்ததற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பார்க்கப் பார்க்க மாமாவின் பில் புத்தகம்தான் கண்ணுக்குள் நின்றது.

சாமுவேல் கோல்ட் முதல் தொழிற்சாலையை நியூ ஜேர்சியின் பேட்டர்சனில் 1836இல் தொடங்கினார். அரசாங்கம் எதிர்பார்த்தபடி வாங்கவில்லை, 1842இல் அது மூடப்பட்டது. மெக்சிக்கோவுடன் போர் வந்து, 1847இல் 1,000 ரிவோல்வருக்கு இராணுவ ஓடர் கிடைத்த பிறகுதான் அவர் மறுபடி எழுந்தார். இராணுவத்தை நம்பி விழுந்ததும், இராணுவத்தாலேயே எழுந்ததும் அந்த வீட்டின் தொட்டில் பழக்கம் போல. என்றாலும் கோல்ட் கெட்டிக்காரர். சாதாரண ஆட்களைத் தேடிப்போய் விற்றார். ஓவியரை வைத்துப் படம் வரைவித்து விளம்பரம் செய்தார், 1851 லண்டன் கண்காட்சிக்குத் தன் சாமான்களைக் கொண்டுபோனார். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில், நீலக் கும்மட்டம் வைத்த கூரையோடு பெரிய தொழிற்சாலை கட்டினார். 1862இல் அவர் இறந்தபோது அது பேர் போன கம்பனி.

பிறகு நெடுங்காலம் நல்ல காலம்தான். 1911ஆம் ஆண்டுப் பிஸ்டல் எழுபது வருடத்துக்கு மேல் அமெரிக்க இராணுவத்தின் இடுப்பில் இருந்தது. 1959இல் ஆர்மலைட் கம்பனியிடமிருந்து ஏஆர் 15 என்ற ரைபிளின் உரிமையை வாங்கினார்கள். அதுதான் வியட்நாம் போரில் எம் 16 ஆனது. அந்த ஓடரோடு கம்பனி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். இராணுவம் ஆயிரக்கணக்கில் கேட்கிறது, காசு ஒரே இடத்திலிருந்து வருகிறது. கடைக்கு வந்து ஒன்றை எடுத்து, தூக்கிப் பார்த்து, விலை கேட்டு, யோசித்துவிட்டு நாளைக்கு வருகிற ஆள் அப்போது தொந்தரவாகத் தெரிவார்.

இது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அந்தக் கண்ணோடு பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் வள்ளம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் என்ஜிஓக்கள் வந்தன. அதற்கு முன் மாமா மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வள்ளம் செய்வார், மிச்ச நாளெல்லாம் ஓட்டை அடைப்பதும் அடிப்பலகை மாற்றுவதும்தான். இப்போது ஒரே கடிதத்தில் நாற்பது வள்ளத்துக்கு ஓடர். நான் படிப்பை முடித்துவிட்டு மாமாவின் கணக்கைப் பார்க்கப் போனேன். வங்கியில் கடன் எடுத்து இன்னும் இரண்டு அச்சுச் செய்தார், ஆட்கள் சேர்த்தார், கொட்டிலை நீட்டினார். ரெசின் மணம் வீட்டுச் சோற்றில்கூட அடிக்கும்.

அந்த நாட்களில் பாலமீன்மடுவிலிருந்து ஒரு வயதான சம்மாட்டி, சொந்த வள்ளம் வைத்திருக்கிறவர், வருவார். அலை அடித்துப் போட்டதில் அவருடைய வள்ளம் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது, பக்கவாட்டில் நீளமான வெடிப்போடு. மாமாவிடம் இருபது வருடமாக வேலை செய்வித்தவர். நான் மேசையில் இருப்பேன், அவர் வாசலில் நிற்பார்.

"மகள், மாமாட்ட ஒருக்காச் சொல்லுங்களன். மூண்டு தரம் வந்திட்டன்."

"அடுத்த மாசம் பார்ப்பம் எண்டு மாமா சொல்லச் சொன்னார் ஐயா."

அப்படிச் சொன்னது நான்தான். கதிரை எடுத்துப் போட்டு இருக்கச் சொன்னேனா என்று நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. நாலாம் தரம் அவர் வரவில்லை. அவரைப் போல எத்தனை பேர் வராமல் போனார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. வராதவர்களைப் பில் புத்தகம் காட்டாது.

கோல்டுக்கு அடி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. 1985இல் இராணுவம் பழைய பிஸ்டலை விட்டு இத்தாலியின் பெரெட்டாவுக்குப் போனது. 1986 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது நாலு வருடம் நீண்டது. அரம் பிடித்துப் பழகிய கைகள் வெளியே நிற்க, புதிதாக வந்தவர்கள் உள்ளே வேலை செய்தார்கள். 1988இல் எம் 16 ஒப்பந்தமும் பெல்ஜியத்தின் எஃப்என் கம்பனிக்குப் போய்விட்டது. 1990இல் தொழிற்சங்கமும் முதலீட்டாளர்களும் மாநில அரசின் ஓய்வூதிய நிதியும் சேர்ந்து கம்பனியை வாங்கினார்கள். அந்த நிதியிலிருந்து 2.5 கோடி டொலர் போட்டார்கள். இரண்டே வருடத்தில், 1992இல், வங்குரோத்து. யாரோ ஆசிரியர்மாரும் கந்தோர் ஊழியர்களும் சேர்த்த காசு அது. அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இந்தக் காலத்தில் சாதாரண வாடிக்கையாளர் சும்மா இருக்கவில்லை. ஒஸ்திரியாவின் குளொக், பிளாஸ்டிக் உடம்போடு ஒரு பிஸ்டலைக் கொண்டுவந்து பொலிஸையும் பொதுமக்களையும் பிடித்துக்கொண்டது. ரூகர், ஸ்மித் அண்ட் வெசன் போன்ற மற்றத் துவக்குக் கம்பனிகளெல்லாம் அந்த ஆட்களுக்காகவே புதிது புதிதாகச் செய்தன. கோல்ட் 1990களின் தொடக்கத்தில் ஒரு புதுப் பிஸ்டலை விட்டுப் பார்த்தது, எடுபடவில்லை, 1994இல் நிறுத்திவிட்டது.

எனக்கு மிகவும் வலித்தது பைதன் கதை. 1955இல் வந்த ரிவோல்வர் அது. பாகங்களைக் கையால் அராவிப் பொருத்தித்தான் முடிப்பார்களாம். சேகரிக்கிறவர்கள் அதைப் பற்றி எழுதுவதை வாசித்தால், எங்கள் கிழவர்கள் நல்ல மரத்தில் செய்த தோணியைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். அப்படிச் செய்யச் செலவு கூட. நகராட்சிகள் துவக்குக் கம்பனிகள் மேல் வழக்குப் போட்ட காலமும் அது. 1999இல் கோல்ட் பொதுமக்களுக்கான பல கைத்துவக்குகளைக் கைவிட்டது, பைதனும் அதில் போனது. ஆனால் ஆசை போகவில்லை. பழைய பைதன்கள் பல ஆயிரம் டொலருக்குக் கைமாறின. அந்தக் காசில் ஒரு சதமும் அதைச் செய்த கம்பனிக்கு வரவில்லை.

2000களின் தொடக்கத்தில் கம்பனியையே இரண்டாகப் பிரித்தார்கள். இராணுவ வேலைக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்ததால் எம் 4 ரைபிள் ஓடர்கள் குவிந்தன. அதே காலத்தில் அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் வாங்குவதும் ஏறிக்கொண்டே போனது. ஏஆர் 15இன் பழைய காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால், கண்ட கண்ட கம்பனியெல்லாம் அதைச் செய்து விற்றது. கோல்ட் அந்தச் சந்தையில் பின்னால் நின்றது.

அப்புறம் கடன். 2009இல் 25 கோடி டொலருக்குக் கடன்பத்திரம் விட்டார்கள், வட்டி நூற்றுக்கு 8.75. அந்தக் காசில் ஒரு பங்கு முதலாளிமாரின் கைக்கே போனது. கணக்குப் பார்க்கிற எனக்கு இதை மன்னிக்க முடியவில்லை. வாடிக்கையாளரை மறந்தது ஒரு நோய் என்றால், இது நோயாளியின் இரத்தத்தை எடுத்தது. 2013இல் 1,20,000 எம் 4 ரைபிள் செய்கிற ஒப்பந்தமும் எஃப்என்னுக்குப் போனது. அதே வருடம், பிரித்துவிட்ட பொதுமக்கள் பிரிவை 6 கோடி டொலருக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். தாங்களே வாசலுக்கு வெளியே அனுப்பிய ஆளைக் காசு கொடுத்துத் திரும்பக் கூப்பிட்டது போல. 2015 மேயில் 1.09 கோடி டொலர் வட்டியைக் கட்ட முடியவில்லை. ஜூனில் மறுபடி வங்குரோத்து.

எங்களுக்கு அது 2008இல் வந்தது. என்ஜிஓக்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டின. கரையெல்லாம் வள்ளம், வாங்க ஆளில்லை. வங்கிக் கடன் பாதிக்கு மேல் இருந்தது. மாமா பழைய ஆட்களுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார், நான் பக்கத்தில் இருந்தேன். அந்தச் சம்மாட்டி மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் இப்ப வாழைச்சேனையிலதான் செய்யிறன் தம்பி. அங்க போனா அண்டைக்கே பார்த்துத் தாறாங்க."

மாமா "சரி அண்ணன்" என்று சொல்லிவிட்டு போனை மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. 2010இல் பட்டறையை மூடினோம்.

கோல்ட் 2016இல் வங்குரோத்திலிருந்து வெளியே வந்தது. 2020இல் பைதனைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. 2021இல் செக் நாட்டின் ஒரு துவக்குக் கம்பனி 22 கோடி டொலர் ரொக்கமும் பங்குகளும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டது.

போன கிழமை இதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, வீட்டு வளவில் வருகிற தோணிக்கு மட்டும் ஓட்டை அடைத்துக் கொடுக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, கோடிக்கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த நாலு வருசம் வெளியில நிண்ட ஆக்கள் என்ன புள்ள ஆனாங்க?"

பலர் 1990இல் திரும்பி வேலைக்குப் போனார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, முற்றத்தில் தோணியோடு நின்ற பொடியனிடம் போனார். அவனுக்குக் கதிரை போடச் சொல்லி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.